ஆம்ப்பின் பின்னால் 4, 8, 16 ஓம்: எந்த கேபினட்டுக்கு எந்த எண்?

கேள்வி இதுதான். 50 வாட் டியூப் கிட்டார் ஆம்ப் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) ஒன்று, உள்ளே ஸ்பீக்கரை ஓட்டும் பவர் டியூப்கள் இரண்டு, ஈஎல்34 வகை. பின்பக்கம் 4, 8, 16 ஓம் என்று திருப்பி வைக்க ஒரு சுவிட்ச், பக்கத்திலேயே இரண்டு ஸ்பீக்கர் ஜாக். கையில் 16 ஓம் 4×12 கேபினட் (நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட பெட்டி) ஒன்றும் 8 ஓம் 2×12 கேபினட் ஒன்றும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் போடலாமா? சுவிட்சை எதில் வைப்பது? தவறாக வைத்தால் ஆம்ப் எரிந்துவிடுமா? கூடவே இன்னொரு சந்தேகம்: நண்பருடைய 100 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப்பை அதே 4×12-இல் போட்டால், இந்த 50 வாட் டியூப் ஆம்ப்பை விடச் சத்தம் குறைவாக வருகிறதே, ஏன்?

முதலில் நேரடிப் பதில். இரண்டையும் சேர்த்துப் போடலாம். சுவிட்ச் 4 ஓமில் இருக்கட்டும். ஒரு படி தவறினால் பெரும்பாலும் உடனே எதுவும் ஆகாது. ஆனால் ஸ்பீக்கரே இல்லாமல் டியூப் ஆம்ப்பை வாசிக்கவே கூடாது. டிரான்சிஸ்டர் ஆம்ப்பின் 100 வாட் என்பது 4 ஓமுக்கான கணக்கு; 16 ஓம் கேபினட்டில் அது 25 வாட் ஆம்ப். ஏன் இப்படி என்று தெரிந்துகொண்டால், நாளைக்கு வேறு கேபினட் வந்தாலும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆம்ப்பின் பின்னால் 8 ஓம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, ஆம்ப்புக்குள்ளேயே 8 ஓம் இருப்பதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். குழப்பம் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. அந்த எண் ஆம்ப் உங்களிடம் கேட்கும் சுமை. இந்த ஜாக்கில் 8 ஓம் சுமையை மாட்டினால் நான் வடிவமைத்தபடி வேலை செய்வேன் என்று அது சொல்கிறது. ஆம்ப்பின் சொந்த அவுட்புட் இம்பிடன்ஸ் (மாறும் மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, இதுவும் ஓமில்தான்) வேறு சமாச்சாரம். டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் அது பொதுவாக ஒரு ஓமில் சிறு பகுதிதான். நெகடிவ் ஃபீட்பேக் (வெளியே வரும் சிக்னலில் ஒரு பங்கை உள்ளே திருப்பி அனுப்பித் திருத்திக்கொள்ளும் முறை) இல்லாத டியூப் ஆம்ப்பில் அது ஸ்பீக்கரின் இம்பிடன்ஸைப் போலப் பல மடங்கு இருக்கும். இரண்டிலுமே அது 8 ஓம் கிடையாது.

கல்லூரியில் படித்த அதிகபட்சத் திறன் பரிமாற்றத் தேற்றத்தைக் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்று வாதிடுபவர்களும் உண்டு. அப்படிச் சமமாக வைத்தால் உற்பத்தியாகும் திறனில் பாதி ஆம்ப்புக்குள்ளேயே சூடாகிப் போய்விடும். ஸ்பீக்கரை ஓட்டும் எந்த ஆம்ப்பையும் யாரும் அந்த நோக்கத்தில் வடிவமைப்பதில்லை.

சரி, அந்தச் சுமையை ஆம்ப் ஏன் கேட்கிறது? டியூப் ஆம்ப்பும் டிரான்சிஸ்டர் ஆம்ப்பும் பிரியும் இடம் இதுதான்.

பவர் டியூப் என்பது அதிக வோல்டேஜில் குறைந்த கரண்டைத் தரும் கருவி. டியூப்புக்குள் எலக்ட்ரான்கள் போய்ச் சேரும் பிளேட்டில் 400, 450 வோல்ட் இருக்கும். ஓடும் கரண்ட்டோ ஆம்பியரில் ஒரு பகுதிதான். ஸ்பீக்கருக்கு நேர்மாறாக வேண்டும்: வோல்டேஜ் குறைவு, கரண்ட் அதிகம். 50 வாட்டை 8 ஓமில் செலுத்த 20 வோல்ட்டும் 2.5 ஆம்பியரும் தேவை. இந்த இரண்டையும் இணைத்து வைப்பதுதான் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் வேலை. சைக்கிள் கியர் மாதிரி: மிதிக்கும் காலுக்கு வசதியான பாரத்தை, சக்கரத்துக்கு வேண்டிய பாரமாக மாற்றித் தருகிறது.

டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரிக்கும் (டியூப் பக்கச் சுருள்) செகண்டரிக்கும் (ஸ்பீக்கர் பக்கச் சுருள்) உள்ள சுற்றுகளின் விகிதம் என்னவோ, இம்பிடன்ஸ் அதன் வர்க்கத்தால் மாறும். இரண்டு ஈஎல்34 கொண்ட 50 வாட் ஆம்ப்பில் அந்த டியூப்களுக்கு இடையே சுமார் 3,400 ஓம் சுமை தெரிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இந்த வகை ஆம்ப்களில் வழக்கமான அளவு இது. அதை 8 ஓம் ஸ்பீக்கரிலிருந்து உண்டாக்க 3,400-ஐ 8-ஆல் வகுத்தால் 425. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 20.6. ஆக, பிரைமரியில் 20.6 சுற்றுக்குச் செகண்டரியில் ஒரு சுற்று. 16 ஓமுக்கு இதே கணக்கு 14.6 ஆகும், 4 ஓமுக்கு 29.2. பின்னால் இருக்கும் சுவிட்ச் செகண்டரியில் எந்த இடத்திலிருந்து, அதாவது எந்த முனையிலிருந்து, கம்பி வெளியே வருகிறது என்பதை மாற்றுகிறது, அவ்வளவுதான். எந்த எண்ணில் வைத்தாலும், அதற்குரிய கேபினட்டை மாட்டினால் டியூப்களுக்குத் தெரிவது அதே 3,400 ஓம்.

டியூப்கள் ஸ்பீக்கரை நேரடியாகப் பார்ப்பதே இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. சுவிட்ச் 8-இல் இருக்கும்போது 16 ஓம் கேபினட்டை மாட்டினால் அவற்றுக்கு 6,800 ஓம் தெரியும். 4 ஓமை மாட்டினால் 1,700 ஓம் தெரியும். இந்த 1,700 என்பது நான்கு ஈஎல்34 கொண்ட 100 வாட் ஆம்ப்பில் வைக்கும் அளவு. நான்கு டியூப்களுக்கு உரிய பாரத்தை இரண்டின் தலையில் ஏற்றுகிறோம் என்று அர்த்தம்.

சுமை வேண்டியதைவிடக் குறைந்தால் டியூப்களில் கரண்ட் கூடும். பிளேட் அதிகமாகச் சூடேறும், டியூப்பின் ஆயுள் குறையும், வெளியே வரும் திறனும் கொஞ்சம் குறையும். விளைவு பெரும்பாலும் மெதுவாகத்தான் தெரியும். டியூப் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

சுமை வேண்டியதைவிடக் கூடினால் பிரச்சினையின் குணமே வேறு. கரண்ட் குறையும், ஆனால் பிளேட்டில் வோல்டேஜின் ஏற்ற இறக்கம் பெரிதாகும். ஏற்றத்தின்போது டியூப் சாக்கெட்டும் டிரான்ஸ்ஃபார்மரின் காப்பும் கூடுதல் வோல்டேஜைத் தாங்க வேண்டிவரும். இறக்கத்தின்போது பிளேட் வோல்டேஜ் மிகவும் கீழே போவதால், பிளேட்டுக்குப் போக வேண்டிய எலக்ட்ரான்களில் ஒரு பங்கை, அதற்கு முன்னால் இருக்கும் ஸ்கிரீன் கிரிட் இழுத்துக்கொள்ளும். ஸ்கிரீன் மெல்லிய கம்பி. அந்தச் சூட்டைத் தாங்குவதற்காக அது செய்யப்படவில்லை. வால்யூமை முழுக்கத் திருப்பி நீண்ட நேரம் வாசிப்பவர்களின் ஆம்ப்பில் ஈஎல்34 போனால் நான் முதலில் சந்தேகிப்பது ஸ்கிரீனையும் அதன் ரெசிஸ்டரையும்தான்.

எந்தப் பக்கம் தவறினால் தேவலை? இதில் தயாரிப்பாளர்களே ஒரே குரலில் பேசுவதில்லை. ஃபெண்டரின் பழைய ஆம்ப்களில் தேர்வு சுவிட்சே கிடையாது. ட்வின் ரிவர்ப்பில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்கள் பேரலலில் (பக்கம் பக்கமாக, கரண்ட்டுக்கு ஆளுக்கொரு வழியாக) சேர்ந்து 4 ஓம். சூப்பர் ரிவர்ப்பில் நான்கு 8 ஓம் ஸ்பீக்கர்கள் சேர்ந்து 2 ஓம். அதற்கும் மேலே கூடுதல் கேபினட்டுக்கு ஒரு ஜாக்கும் வைத்திருக்கிறார்கள். அதில் எதை மாட்டினாலும் மொத்தச் சுமை கீழேதான் இறங்கும். அந்த அளவு இறக்கத்தைத் தாங்கும்படியே அந்த டிரான்ஸ்ஃபார்மர்கள் செய்யப்பட்டன. வேறு சில ஆம்ப்களின் கையேடுகளோ, சுவிட்சில் காட்டுவதைவிடக் குறைந்த ஓம் கேபினட்டை மாட்டாதே, கூடுதலாக இருந்தால் பரவாயில்லை என்று சொல்லும்.

என் தீர்ப்பு இது. உங்கள் ஆம்ப்பின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம். கையேடு இல்லாவிட்டால், நன்றாகச் செய்யப்பட்ட ஆம்ப்பில் எந்தப் பக்கமும் ஒரு படி, அதாவது இரட்டிப்பு அல்லது பாதி, அவசரத்துக்குத் தாங்கும். அப்போதும் வால்யூமை அடக்கி வாசியுங்கள். இரண்டு படி, அதாவது 4-இல் 16 அல்லது 16-இல் 4, எந்த அவசரத்துக்கும் வேண்டாம்.

ஸ்பீக்கரே மாட்டாத நிலை இன்னும் மோசம். செகண்டரி திறந்து கிடந்தால், பிரைமரியில் டியூப்களுக்குத் தெரியும் சுமை பல மடங்கு எகிறிவிடும். சிக்னல் வரும்போது டிரான்ஸ்ஃபார்மரில் சேரும் ஆற்றலுக்குப் போக்கிடம் இல்லை. கரண்ட் சட்டென்று நிற்கும் ஒவ்வொரு முறையும் அது வோல்டேஜாக எழும். வழக்கமான பிளேட் வோல்டேஜைப் போலப் பல மடங்கு எழுந்து, சாக்கெட்டில் 3-ஆம் பின்னிலிருந்து பக்கத்து 2-ஆம் பின்னுக்குப் பொறி பாயும். ஈஎல்34, இன்னொரு பவர் டியூப் வகையான 6எல்6 இரண்டிலும் 3 என்பது பிளேட், 2 என்பது ஹீட்டர். ஒருமுறை பாய்ந்தால் அங்கே கரிக்கோடு ஒன்று விழும். அந்தக் கோடு கரண்ட்டைக் கடத்தும் என்பதால் அடுத்த பொறிக்கு அதுவே வழி. டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளேயே காப்பு உடைந்தால் செலவு இன்னும் பெரிது. லைன் அவுட் எடுத்து ரெக்கார்ட் செய்கிறேன், ஸ்பீக்கர் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்: ஸ்பீக்கருக்குப் பதில் சுமையாக நிற்கும் லோட் பாக்ஸைத் தனியாக மாட்டாமல், அல்லது ஆம்ப்பிலேயே லோட் இருப்பதாகக் கையேடு தெளிவாகச் சொல்லாமல், ஸ்பீக்கர் கேபிளைக் கழற்றக் கூடாது.

அதனால்தான் ஃபெண்டர் மெயின் ஸ்பீக்கர் ஜாக்கில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறது. எதுவும் செருகாதபோது அந்த ஜாக் தானே அவுட்புட்டை ஷார்ட் செய்துவிடும். டியூப் ஆம்ப்புக்குக் கொஞ்ச நேர ஷார்ட், திறந்த சுற்றைவிட எவ்வளவோ மேல். இதிலிருந்து ஒரு பின்விளைவும் உண்டு. அந்த ஆம்ப்களில் மெயின் ஜாக்கைக் காலியாக விட்டு, கேபினட்டை எக்ஸ்டென்ஷன் ஜாக்கில் மட்டும் செருகினால் சத்தம் வராது. ஆம்ப் கெட்டுவிட்டது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். கேபிளை மெயின் ஜாக்குக்கு மாற்றினால் முடிந்தது. இந்த வசதி இல்லாத ஆம்ப்களில், அவுட்புட் ஜாக்கின் குறுக்கே 470 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைக்கும் வழக்கம் டெக்னீஷியன்களிடம் உண்டு. 8 ஓம் ஸ்பீக்கர் இருக்கும்போது அது இருப்பதே தெரியாது. கேபிள் கழன்றால் அந்த நேரத்துக்கு ஒரு சுமையாவது மிஞ்சும். அதை நம்பிக் கேபினட் இல்லாமல் வாசிக்கலாம் என்று அர்த்தமில்லை.

டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் இந்தப் பயமெல்லாம் அப்படியே தலைகீழ். பெரும்பாலானவற்றில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. ஒரு வோல்டேஜைத் தரும். ஸ்பீக்கர் தன் ஓமுக்கு ஏற்ற கரண்ட்டை இழுத்துக்கொள்ளும். நண்பருடைய ஆம்ப் 4 ஓமில் 100 வாட் என்றால் 20 வோல்ட், 5 ஆம்பியர். அதே 20 வோல்ட் 8 ஓமில் 50 வாட், 16 ஓமில் 25 வாட். இதுதான் உங்கள் சந்தேகத்துக்கு விடை. ஆம்ப்பில் கோளாறு எதுவும் இல்லை. உங்கள் டியூப் ஆம்ப் 16 ஓம் முனை வழியாக அதே கேபினட்டில் முழு 50 வாட்டையும் தருகிறது. அதோடு, டியூப் ஆம்ப்பை முறுக்கி வாசிக்கும்போது அலையின் தலை தட்டையாகி, சுத்தமான தொனிக்குச் சொன்ன 50 வாட்டையும் தாண்டும். அந்த எல்லையில் டியூப் ஆம்ப் காதுக்கு இனிமையாகவே இருப்பதால் நாம் அங்கே தயங்காமல் வாசிக்கிறோம்; டிரான்சிஸ்டர் ஆம்ப்பை அதற்கு முன்பே குறைத்துவிடுகிறோம். நண்பர் அந்த ஆம்ப்பை உங்கள் 8 ஓம் 2×12-இல் போட்டுப் பார்க்கட்டும், வித்தியாசம் உடனே தெரியும்.

ஆக, டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் பார்க்க வேண்டியது குறைந்தபட்ச ஓம் மட்டும்தான். அதற்கு மேலே எதுவும் பாதுகாப்பானது, திறன்தான் குறையும். கேபினட் இல்லாமல் ஆன் செய்தாலும் பொதுவாக ஒன்றும் ஆகாது. கீழே இறங்கினால்தான் ஆபத்து. குறைந்தபட்சம் 4 ஓம் என்ற ஆம்ப்பில் மூன்று 8 ஓம் கேபினட்டைச் சங்கிலியாக மாட்டினால் 2.67 ஓம், கரண்ட் எகிறி, அதிர்ஷ்டம் இருந்தால் பாதுகாப்புச் சுற்று அணைத்துவிடும், இல்லாவிட்டால் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் போகும். ஷார்ட் ஆன கேபிள் இன்னும் மோசம். முன்பக்கம் மட்டும் டியூப் வைத்த ஹைப்ரிட் ஆம்ப்களும் இந்தப் பட்டியலில்தான் சேரும். ப்ரீஆம்ப்பில் என்ன இருக்கிறது என்பது கணக்கில் வராது. பவர் பகுதியில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா என்பதே கேள்வி.

இனி கேபினட் பக்கம் வருவோம். ஸ்பீக்கரில் 8 ஓம் என்று அச்சிட்டிருப்பதும் ஒரு பெயர் அளவுதான். மல்டிமீட்டரில் பார்த்தால் 6, 7 ஓம் காட்டும். அது, ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் வாய்ஸ் காயில் கம்பியின் வெறும் மின்தடை. வாசிக்கும்போது இம்பிடன்ஸ் ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறும். 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர்களுக்கு பெரும்பாலும் 75 முதல் 110 ஹெர்ட்ஸுக்குள் ஒரு ஒத்ததிர்வு உண்டு. அங்கே 8 ஓம் ஸ்பீக்கர் 50 ஓமையும் தாண்டும். கிட்டாரின் தடித்த ஈ தந்தியின் அடிப்படை அதிர்வெண் 82 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட அதே இடம். பிறகு சில நூறு ஹெர்ட்ஸில் பெயர் அளவுக்குப் பக்கத்தில் இறங்கி, மேல் ஸ்தாயியில் காயிலின் இன்டக்டன்ஸால் மறுபடி ஏறும். நாம் வாசிக்கும் ஒவ்வொரு நொடியும் சுமை இப்படி ஆடிக்கொண்டே இருக்கிறது. அப்படியிருக்க 5.33 ஓமா 4 ஓமா என்ற வித்தியாசத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

டியூப் ஆம்ப்பின் தொனிக்கு ஒரு காரணமும் இங்கேதான் இருக்கிறது. அதன் சொந்த அவுட்புட் இம்பிடன்ஸ் அதிகம் என்பதால், ஸ்பீக்கரின் ஓம் ஏறும் இடங்களில் அது கூடுதல் வோல்டேஜைத் தரும். கீழே அந்தக் கனமும், மேலே அந்தக் கூர்மையும் தானாகவே எழும். வாக்ஸ் ஏசி30 போல நெகடிவ் ஃபீட்பேக் இல்லாத ஆம்ப்களில் இது நன்றாகக் கேட்கும். டிரான்சிஸ்டர் ஆம்ப் எந்த ஓமிலும் ஒரே வோல்டேஜைத் தருவதால் அதே கேபினட்டில் சமதளமாக ஒலிக்கும். இதை ஈடுகட்டவே சில டிரான்சிஸ்டர் கிட்டார் ஆம்ப்களில் கரண்ட் ஃபீட்பேக் சேர்த்து அவுட்புட் இம்பிடன்ஸை வேண்டுமென்றே ஏற்றி வைக்கிறார்கள்.

கேபினட்டுக்குள் ஸ்பீக்கர்களை இணைக்கும் கணக்கு எளிது. சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) போட்டால் ஓம்கள் கூடும், ஒரே மாதிரி ஸ்பீக்கர்களைப் பேரலலில் போட்டால் எண்ணிக்கையால் வகுபடும். நான்கு 16 ஓம் ஸ்பீக்கர்களை இரண்டிரண்டாகச் சீரிஸில் போட்டு அந்த இரண்டு ஜோடிகளைப் பேரலலாக்கினால் மறுபடியும் 16 ஓம். உங்கள் 4×12 இப்படித்தான் இருக்க வேண்டும். நான்கையும் பேரலலில் போட்டால் 4 ஓம். மார்ஷல் 1960ஏ கேபினட்டில் இதை ஜாக் தட்டிலேயே வைத்திருக்கிறார்கள்: மோனோவில் 4 அல்லது 16, ஸ்டீரியோவில் பக்கத்துக்கு 8. கவனிக்க வேண்டியது ஸ்டீரியோ நிலை. அதில் ஒரே ஒரு கேபிளைச் செருகினால் இரண்டு ஸ்பீக்கர்கள்தான் பேசும், தாங்கும் வாட்டும் பாதிதான். ஒவ்வொன்றும் 25 வாட் தாங்கும் நான்கு ஸ்பீக்கர்கள் கொண்ட கேபினட்டை இந்த நிலையில் 100 வாட் ஹெட்டில் மாட்டினால், ஓம் கணக்கு கச்சிதமாக இருந்தாலும் ஸ்பீக்கர் தப்பாது.

இப்போது உங்கள் இரண்டு கேபினட்டும் சேர்ந்த கணக்கு. ஹெட்டில் இருக்கும் இரண்டு ஜாக்குகள் அநேகமாக எல்லா ஆம்ப்களிலும் தங்களுக்குள் பேரலல். 16-ஐயும் 8-ஐயும் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுத்தால் 128-ஐ 24-ஆல் வகுத்து 5.33 ஓம். சுவிட்ச் 4-இல் இருந்தால் டியூப்களுக்குத் தெரிவது சுமார் 4,530 ஓம், வேண்டியதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். 8-இல் இருந்தால் சுமார் 2,270 ஓம், மூன்றில் ஒரு பங்கு குறைவு. விகிதமாகப் பார்த்தால் 4 தான் நெருக்கம். பல கையேடுகள் கேட்கும், சுவிட்சைவிடச் சுமை குறையக் கூடாது என்ற நிபந்தனையும் அதில் நிறைவேறுகிறது. அதனால் 4.

ஆனால் ஓம் சரியாகிவிட்டதால் சத்தமும் சரியாகிவிடாது. பேரலலில் ஓம் குறைந்த கேபினட்தான் அதிகம் இழுக்கும். 50 வாட்டில் மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 33 வாட், 2×12-க்குப் போகும். 4×12-க்கு 17 வாட்தான். ஒவ்வொரு ஸ்பீக்கராகப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் கூர்மை: சின்ன கேபினட்டில் ஒன்றுக்கு 17 வாட், பெரியதில் ஒன்றுக்கு 4 வாட் சொச்சம். அதனால் 2×12-இல் இருக்கும் ஸ்பீக்கர்கள் எத்தனை வாட் தாங்கும் என்பதை மட்டும் பார்த்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து 50, 60 வாட்டுக்கு மேல் தாங்கினால் கவலையில்லை. 2×12 முன்னே வந்து பேசுவதும் பல சமயம் நன்றாகவே இருக்கும்.

இதைச் சமன்செய்ய ஒரு வழி தோன்றலாம்: இரண்டு கேபினட்டையும் சீரிஸில் போடுவது. மொத்தம் 24 ஓம், சுவிட்ச் 16-இல். சீரிஸில் ஓம் கூடிய கேபினட் அதிகம் வாங்கும் என்பதால் 4×12-க்கு 33 வாட், 2×12-க்கு 17 வாட். ஆறு ஸ்பீக்கர்களுக்கும் அச்சாக 8.3 வாட் வீதம்! காகிதத்தில் மிக அழகு. ஆனாலும் டியூப் ஆம்ப்புக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். எந்த ஒரு கேபிளை யார் மிதித்து இழுத்தாலும் மொத்தச் சுற்றும் திறந்துவிடும், அப்போது மேலே சொன்ன பொறிதான். பேரலலில் ஒரு கேபிள் கழன்றால் இன்னொரு கேபினட் சுமையாக நிற்கும்.

வேறு ஒரு வழி, 2×12-ஐயும் 16 ஓமாக மாற்றி வயர் செய்வது. அதுவும் உங்களுக்கு அமையாது. 8 ஓம் 2×12 என்றால் உள்ளே இரண்டு 16 ஓம் பேரலலில் இருக்கும், அல்லது இரண்டு 4 ஓம் சீரிஸில் இருக்கும். இரண்டிலுமே 16 ஓம் வராது. எப்போதாவது அந்த ஸ்பீக்கர்களை மாற்றும் எண்ணம் இருந்தால் இரண்டு 8 ஓம் வாங்கிச் சீரிஸில் போடுங்கள். இரண்டு கேபினட்டும் 16 ஓம், சேர்ந்தால் 8, சுவிட்ச் 8-இல், திறன் சரிபாதி.

அப்படிச் சீரிஸில் வயர் செய்த 2×12-க்கு ஒரு பலவீனம் உண்டு: ஒரு காயில் அறுந்தால் முழுக் கேபினட்டும் திறந்த சுற்று. உங்கள் 4×12-இல் ஒரு ஸ்பீக்கர் அறுந்தால் அது இருந்த ஜோடியும் ஊமையாகி, கேபினட் 32 ஓம் ஆகிவிடும். சத்தம் திடீரென்று மெலிந்தால் வால்யூமை ஏற்றுவதுதான் எல்லோருடைய முதல் உந்துதல். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஸ்டாண்ட்பை (டியூப்களைச் சூடாக வைத்தபடியே சத்தத்தை நிறுத்தும் சுவிட்ச்) போட்டுவிட்டு கேபினட்டை அளந்து பாருங்கள்.

கேபிளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிட்டாரிலிருந்து ஆம்ப்புக்குப் போகும் கேபிளும் ஸ்பீக்கர் கேபிளும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், இரண்டின் பிளக்கும் ஒன்றேதான். கிட்டார் கேபிளின் நடுவே இருப்பது மெல்லிய கம்பி, சுற்றிலும் வலைக் கவசம். 4 ஓம் முனையில் 50 வாட்டுக்கு 3.5 ஆம்பியர் ஓடும். அதற்குத் தடித்த இரட்டைக் கம்பி வேண்டும். 14 அல்லது 16 கேஜ் போதும். கிட்டார் கேபிள் சூடேறி உருகினால் சுற்று திறந்துபோகலாம், அது டியூப் ஆம்ப்புக்கு ஆபத்து; ஷார்ட் ஆகலாம், அது டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கு ஆபத்து. இரண்டில் எது வந்தாலும் யாரோ ஒருவருக்குச் செலவு.

வாசித்துக்கொண்டிருக்கும்போது ஓம் சுவிட்சைத் திருப்ப வேண்டாம். ஒரு எண்ணிலிருந்து அடுத்ததற்குப் போகும் நடுவே தொடர்பு கணநேரம் அறுந்துபோகலாம். ஸ்டாண்ட்பை போட்டு, முடிந்தால் பவரையே அணைத்துவிட்டுத் திருப்புங்கள். ஆம்ப்புக்கும் கேபினட்டுக்கும் நடுவே, சத்தத்தைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் வைத்தால், ஆம்ப்பின் சுவிட்ச் அட்டென்யுவேட்டரின் ஓமைப் பார்த்து இருக்க வேண்டும். அது தரும் குறைப்பு அதிகமாக இருக்கும்போது பின்னால் இருக்கும் கேபினட்டின் ஓம் ஆம்ப்புக்கு அவ்வளவாகத் தெரியாது. குறைப்பே இல்லாத பைபாஸ் நிலையில் மட்டும் நேரடியாகத் தெரியும்.

16 ஓம் முனைதான் நன்றாக ஒலிக்கும், செகண்டரி முழுவதும் பயன்படுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. காரணம் பொய்யில்லை. ஆனால் ஸ்பீக்கரின் மாடலை மாற்றினால் வரும் வித்தியாசத்துக்குப் பக்கத்தில் அது மிகச் சின்னது. அதற்காக மட்டும் கேபினட்டை மாற்றச் சொல்ல மாட்டேன்.

கடைசியாக, எதையும் செருகும் முன் இரண்டு கேபினட்டையும் மல்டிமீட்டரில் ஒருமுறை அளந்துவிடுங்கள். பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்ப முடியாது. முன்பு வைத்திருந்தவர் உள்ளே ஸ்பீக்கரை மாற்றியிருக்கலாம். ஸ்பீக்கர் கேபிளைக் கேபினட்டில் செருகி, மறுமுனை பிளக்கின் நுனிக்கும் உடலுக்கும் நடுவே அளக்க வேண்டும். ஆம்ப்பில் செருகியபடி அளந்தால் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றின் தடை குறுக்கே வந்து ஒரு ஓமுக்கும் கீழே காட்டும். 4×12-இல் 12 முதல் 14 ஓம் வரையும், 2×12-இல் 6 முதல் 7 ஓம் வரையும் வந்தால் மேலே போட்ட கணக்கு எல்லாம் பொருந்தும். 4×12-இல் 25, 26 வந்தால் ஒரு ஸ்பீக்கர் அறுந்திருக்கிறது. 3 சொச்சம் வந்தால் யாரோ நான்கையும் பேரலலாக்கி 4 ஓம் ஆக்கியிருக்கிறார்கள். அப்போது இரண்டு கேபினட்டையும் சேர்த்தால் 2.67 ஓம் ஆகிவிடும். உங்கள் ஹெட்டில் அதற்கு முனை இல்லை. 4×12-ஐ மட்டும் தனியாக, சுவிட்சை 4-இல் வைத்து வாசியுங்கள்.